மூக்கு டூட்டி

என் அக்கா வீட்டுக்காரர் ஐந்து நாள் மூக்கால் வேலை செய்தார். சிரிக்க வேண்டாம். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் மட்டும் சுறுசுறுப்பானவர்கள். அங்கே கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வாயுவை அளக்கும் பெட்டி ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். அளவு கூடினால் அலறும். ஒரு திங்கட்கிழமை அந்தப் பெட்டி செத்துப்போனது. புதிது வரும்வரை அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தால் அவர் கத்த வேண்டும். இதற்கு அங்கே மூக்கு டூட்டி என்று பெயர். நிரந்தரத் தொழிலாளி எவனும் அதில் உட்கார மாட்டான். ஒப்பந்த ஆள் கேள்வி கேட்காமல் உட்காருவான். மாமா ஒப்பந்த ஆள்.

அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தது நாங்கள்தான். கம்பெனி என்று மரியாதைக்குச் சொல்கிறோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி, மூன்று அறை, ஐந்து பேர். பெட்டிக்குள் ஓடும் நிரலை, புரோகிராம் என்பார்களே, அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நிரல் ஓடாத ஒவ்வொரு நாளும் மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டி செத்ததற்குக் காரணம் அந்த வாயுவேதான். அது செம்பைத் தின்னும். மூன்று வருடத்தில் உள்ளே இருந்த சர்க்யூட் போர்டின் கம்பிகளெல்லாம் கறுத்து உதிர்ந்துவிட்டன. செம்பே தாங்காத இடத்தில் மனிதனை உட்காரவைக்கலாம் என்று முடிவு செய்தவர் யார் என்றால், அந்தத் தொழிற்சாலையின் சேஃப்டி ஆபீசர். கையில் பிடித்து அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. அளவைச் சரிபார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். எப்போது திரும்பும் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

பழைய போர்டை இப்போது யாரும் செய்வதில்லை. புதிய வகை போர்டு அலுவலகத்தில் இருந்தது. நிரலை அதற்கேற்ப மறுபடியும் கட்ட வேண்டும். என் மடிக்கணினியின் சிப் வேறு, உள்ளங்கை அளவுள்ள அந்த போர்டின் சிப் வேறு. இதில் உட்கார்ந்துகொண்டு அதற்கு நிரல் கட்டுவதைக் கிராஸ் கம்பைல் என்பார்கள். நிரலும் தனியாக ஓடாது. பொதுவான வேலைகளைச் செய்ய லைப்ரரி என்ற கோப்புகள் உண்டு. நிரல் எழுந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பெயரில் ஒன்று வராவிட்டாலும் அப்படியே படுத்துவிடும்.

திங்கட்கிழமை அலுவலக மேசையில் பழைய நிரலை அப்படியே புதிய போர்டில் ஓட்டிப் பார்த்தேன். வாயுவை உணரும் கருவியோடு பேசும் லைப்ரரி இல்லை என்று படுத்துக்கொண்டது. நான் டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வருவதற்குள் முதலாளி வேலையை முடித்திருந்தார். தன் மடிக்கணினியில் இருந்த லைப்ரரி அடைவை, அதாவது ஃபோல்டரை, முழுக்க எடுத்து போர்டின் அடைவுக்கு மேலேயே கொட்டியிருந்தார். எல்லாவற்றையும் மாற்றவா என்று அது கேட்டிருக்கும். மாற்று என்றிருப்பார்.

"ஏம்பா, இது ஏன் ஆன் ஆவல?"

"அதோட லைப்ரரிய எல்லாம் அழிச்சிட்டு உங்க லேப்டாப்போடத போட்டுட்டீங்க சார்."

"லைப்ரரின்னா லைப்ரரிதான? பேரு எல்லாம் ஒண்ணாதான இருக்குது?"

"பேரு ஒண்ணு சார். சிப்பு வேற. அதுக்கு இது புரியாது."

"நான் பதினெட்டு வருஷமா ஃபீல்டுல இருக்கேன்."

இருந்தார். அதில் பதினாறு வருடம் யுபிஎஸ் விற்றார். லாரி எஞ்சினை மொபட்டில் இறக்கிவைத்துவிட்டு, பெட்ரோல் போட்டும் ஓடவில்லையே என்று கேட்கிற ஆள். போர்டின் மெமரி கார்டை அழித்து முதலிலிருந்து ஏற்றியதில் அன்றைய பொழுது போனது. அந்தப் பொழுது முழுக்க மாமா தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார் என்பதை முதலாளியிடம் சொன்னேன். "காத்தாட உக்காரட்டும்பா" என்றார்.

அந்த லைப்ரரியை எழுதியவர் எங்கள் ஆலோசகர். எங்கோ பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று அண்ணாமலை நகர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர். புதிய போர்டுக்கும் அதை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார். என் அறை சிதம்பரத்தில்தான். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே அவர் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அமெரிக்காவில் இருக்கும் தன் மாணவன் ஒருவனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

"சார், அங்க ஒரு ஆளு தொட்டிகிட்ட உக்காந்துருக்காரு. கொஞ்சம் சீக்கிரம் வேணும்."

"பதட்டப்படக் கூடாது தம்பி. இந்த ஃபீல்டுல சிஸ்டமேட்டிக்கா போவணும். அதுதான் உங்க ஜெனரேஷன்ல இல்ல."

பிறகு சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றிச் செருகினார். போர்டுக்கான லைப்ரரிகள் எல்லாம் இருந்த அடைவைப் பிடித்து அதில் இழுத்துவிட்டார். பாதியில் ஒரு செய்தி எழுந்து நின்றது. இந்தக் கோப்பை இங்கே வைக்க முடியாது என்று ஏதோ. எல்லாவற்றையும் தவிர் என்ற பொத்தானை அழுத்தினார். என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் அழுத்தினார், திரையைப் பார்க்கவே இல்லை.

"சார், என்னமோ சொல்லுச்சே?"

"அது எப்பவும் வர்றதுதான்."

எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் படித்த எல்லோருக்கும் இந்தக் கை உண்டு. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பயிற்சி நிலையங்களில் முதல் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்: எது கேட்டாலும் நெக்ஸ்ட், தொந்தரவு பண்ணினால் ஸ்கிப். ஆங்கிலத்தில் இருப்பதைப் படித்தால் நேரம் போகும், புரியாவிட்டால் மானம் போகும். அதனால் படிப்பதே இல்லை. கணினி வாயைத் திறந்தாலே கையால் பொத்துகிறார்கள். முப்பது வருடம் பாடம் நடத்தியவரும் அதையே செய்தார்.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் வாயு உணரும் கருவியோடு வந்த தாளைப் படித்தேன். இந்த வாயு கொஞ்ச நேரத்தில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் நின்றதால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள் என்று அதில் போட்டிருந்தது. உடனே சேஃப்டி ஆபீசருக்குப் போன் செய்தேன்.

"சார், அங்க ஒரே ஆளையே போடாதீங்க. மூக்கு மரத்துடும். அப்புறம் எவ்ளோ வந்தாலும் தெரியாது."

"நீங்க டாக்டரா?"

"தாள்ல போட்டுருக்கு சார்."

"அப்போ தாள வெச்சிகிட்டு பொட்டிய ஓட்டுங்க. பொட்டி வந்தா நான் ஏன் ஆளப் போடுறேன்?"

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. அந்த ஆத்திரத்தில் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் ஷிஃப்ட் முடிந்து ஆலப்பாக்கத்தில் வீட்டுக்கு வந்திருந்தார்.

"மாமா, நாளைக்கி அங்க உக்காராத. முடியாதுன்னு சொல்லு."

"சொன்னா வெளிய போன்னுவான் மச்சான். மொத நாளுதான் நாத்தம் ஜாஸ்தியா இருந்துது. இன்னிக்கி சுத்தமா இல்ல. நல்லாதான் இருக்குது."

"அதான் மாமா பயமா இருக்குது."

"நாத்தம் இல்லன்னா பயப்படுற ஒரே ஆளு நீதான்டா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

புதன்கிழமை நிரலைக் கட்ட உட்கார்ந்தேன். கட்டும்போது நிரலையும் லைப்ரரியையும் முடிச்சுப் போடும் வேலையைச் செய்வது லிங்க்கர். அது லைப்ரரியைக் காணவில்லை என்றது. அடைவைத் திறந்தால் லைப்ரரி கண்ணெதிரே இருக்கிறது. இணையத்தில் தேடினேன். இணையத்தில் பதில் சொல்கிறவர்கள் தனி ஜாதி. கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதுவார்கள், அதற்குக் கீழே நூறு பேர் நன்றி சொல்லியிருப்பார்கள். ஒருத்தன் மடிக்கணினியின் லைப்ரரி அடைவைக் காட்டிவிடு என்றிருந்தான். காட்டினேன். பொருந்தாதது, தள்ளிவிடுகிறேன் என்றது லிங்க்கர். திங்கட்கிழமை முதலாளி கையால் செய்ததை நான் ஒரு வரி எழுதிச் செய்திருந்தேன், அவ்வளவுதான். லிங்க்கருக்காவது சிப் வேறு என்று தெரிந்திருந்தது.

பதினோரு மணிக்குத்தான் புத்தி வந்தது. ஒரு லைப்ரரிக்கு மூன்று பெயர் இருக்கும். பதிப்பு எண் முழுவதும் சேர்ந்த நீளப் பெயரில்தான் சரக்கு இருக்கும். மற்ற இரண்டும் வெறும் கைகாட்டிகள். உள்ளே ஒன்றும் இருக்காது, அதோ அவன்தான் என்று நீளப் பெயரைக் காட்டும். குட்டைப் பெயரை லிங்க்கர் தேடும். நடுப் பெயரை, நிரல் ஓடும்போது கூப்பிடும். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் அமைப்பு கைகாட்டிகளை ஏற்காது. ஆலோசகர் தவிர்க்கச் சொன்னது அவற்றைத்தான். ஆளை அனுப்பிவிட்டு விலாசத்தைக் கிழித்துப் போட்டிருந்தார்.

அரை மணி நேரம் அவரைத் திட்டினேன். சிஸ்டமேட்டிக் என்ற சொல்லை அவர் சொன்ன மாதிரியே நீட்டிச் சொல்லிச் சொல்லித் திட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு விடுபட்ட கைகாட்டிகளைக் கையாலேயே செய்தேன். லிங்க்கர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நிரலைக் கட்டியது. அது யார் யாரைக் கூப்பிடப்போகிறது என்ற பட்டியலைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பெயரும் சரி, சிப்பும் சரி. அன்றைக்கு அந்தக் கட்டடத்திலேயே மூளை உள்ள ஒரே ஆள் நான்தான் என்று தோன்றியது. அலுவலகத்தில் இருந்த ஒரே போர்டை முதலாளி காலையிலேயே தொழிற்சாலைக்கு அனுப்பிச் சுவரில் மாட்டவைத்திருந்தார். அதனால் நேரே அங்கேதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிரலையும் லைப்ரரி அடைவையும் பென் டிரைவில் இழுத்துவிட்டேன். கதவோரம் முதலாளி வந்து நின்று "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று அரித்தார். திரையில் ஒரு செய்தி வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினேன். முடிந்தது என்றேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தொழிற்சாலை வாசல். செல்போனை வாங்கிவைத்துக்கொண்டார்கள். தொட்டிப் பக்கம் மடிக்கணினி போகக் கூடாது, தீப்பொறி வருமாம். ஒரு கீபோர்டு, ஒரு பென் டிரைவ், அவ்வளவுதான். வேலை செய்ய பெர்மிட் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

மாமா பெட்டியிலிருந்து பதினைந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை என்றார். பொய் என்று தெரிந்தது. பெட்டியின் சின்னத் திரைக்குக் கீழே கீபோர்டை மாட்டி, பென் டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் நகலெடுத்து, நிரலை ஓட்டினேன்.

லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

இருந்தது. என் கண்ணுக்கு முன்னால் நீளப் பெயரில் இருந்தது. இடம் தெரியவில்லையோ என்று இடத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இல்லை என்றது. கோப்பைத் திறக்கும் உரிமையை மாற்றினேன், வேறு அடைவுக்கு நகர்த்தினேன், அணைத்துப் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. கையில் போன் இல்லை, தேடிப் பார்க்க வழியில்லை. பின்னாலிருந்து சேஃப்டி ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, உங்க பொட்டிக்கு மூக்கே இன்னும் மொளைக்கலியா?"

"ஒரு ஃபைல கண்டுபுடிக்க மாட்டேங்குது சார்."

"நம்ம ஆளு பரவால்ல போலருக்கே. என்னா, நாத்தம் எதனா வருதா?"

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் மாமா.

பன்னிரண்டுக்கு மணியடித்த மாதிரி பெர்மிட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். கடலூர் பஸ்ஸில் ஏறி நின்றேன். முதுநகர் தாண்டுவதற்குள் விளங்கிவிட்டது. நடுப் பெயர் அங்கே இல்லை. புதன்கிழமை நான் கையால் செய்த கைகாட்டிகள் என் மடிக்கணினியிலேயே நின்றுவிட்டன. பென் டிரைவ் அவற்றை வைக்க முடியாது என்று ஒழுங்காகத்தான் சொன்னது. நான் தவிர் என்று அழுத்தினேன். அரை மணி நேரம் ஒருவரைத் திட்டிவிட்டு, அவர் அழுத்திய பொத்தானையே நானும் அழுத்தியிருக்கிறேன். அவராவது என்னைப் பார்த்து அழுத்தினார். நான் திரையைப் பார்த்தே அழுத்தினேன்.

பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது இது தோன்றியிருந்தால் அங்கேயே ஒரு வரி அடித்துச் சரி செய்திருக்கலாம். ஒரே வரி. தோன்றவில்லை. எனக்கு ஆலோசகரைத் திட்டத் தெரிந்த அளவுக்கு வேலை தெரியவில்லை. அதற்கு மாமா இன்னொரு நாள் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த அடைவை ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். மூட்டையாகக் கட்டினால் கைகாட்டிகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும், பென் டிரைவுக்கு அது ஒற்றைக் கோப்புதான். பத்து மணிக்கு பெர்மிட். பத்து ஏழுக்கு போர்டில் மூட்டையை அவிழ்த்துவிட்டேன். நிரல் எழுந்தது. எல்லா லைப்ரரியும் வந்தது. கருவி பேசியது.

உடனே பெட்டி அலறியது.

அலறல் என்றால் காதைக் கிழிக்கிற அலறல். திரையில் எண் எல்லையைத் தாண்டி நின்றது. சிப்காட் முழுக்க ஏதோ ஒரு நாற்றம்தான், அதில் இதைத் தனியாகப் பிரித்து என் மூக்குக்கும் தெரிந்திருக்கவில்லை. சேஃப்டி ஆபீசர் ஓடிவந்தார். தொட்டிக்கு ஓடுவார் என்று நினைத்தேன். என்னிடம் வந்தார்.

"உன் பொட்டி தப்பா காட்டுது. மொதல்ல அத நிறுத்து."

"ஆளுங்கள வெளிய எடுங்க சார்."

"அஞ்சு நாளா ஆளு உக்காந்துருக்கான், ஒண்ணும் இல்ல. இப்ப நீ வந்ததும் கேஸு வந்துருச்சா? கொஞ்சம் லிமிட்ட ஏத்தி வெய்யி, சத்தம் நிக்கும்."

மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வரலியே மச்சான். நாத்தமே இல்லியே. பொட்டிதான் கெட்டுப் போயிருக்கும்."

"எந்திரி மாமா!"

"சும்மா இரு, ஆபீசரு பாக்குறாரு."

அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கிக் காற்று வரும் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். நடக்கும்போது தலை சுற்றுகிறது என்றார். அலறல் நிற்காததால் பராமரிப்பு ஆட்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். தொட்டிப் பம்ப்பின் சீல் விட்டு வாயு கசிந்துகொண்டிருந்தது. என்றைக்கு விட்டது என்று யாருக்கும் தெரியாது. பம்ப்பை நிறுத்தினதும் கால் மணி நேரத்தில் எண் இறங்கிப் பெட்டி தானாக வாயை மூடியது.

சேஃப்டி ஆபீசர் ஒப்படைப்புத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "பொட்டியும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். டபுள் சேஃப்டி" என்றார். நாற்காலியை எடுத்தால்தான் கையெழுத்து போடுவேன் என்றேன். என் முதலாளிக்குப் போன் செய்வேன் என்றார். செய்யுங்கள், அவருக்கு யுபிஎஸ்தான் தெரியும் என்றேன். கடைசியில் கடுப்போடு ஓர் ஆளை விட்டு எடுக்கச் சொன்னார். நாற்காலி மெயின் கேட்டைத் தாண்டி வாட்ச்மேன் அறைக்குள் போவதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டேன். மாமாவுக்குத் தலைவலி என்று சொல்லி வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அரை நாள் வேலையை வெட்டுவார்கள் என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார்.

சிதம்பரம் பஸ் வந்தது. அவரை ஆலப்பாக்கத்தில் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று ஏறினோம். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தொழிற்சாலை வாசலைத் தாண்டும் இடத்தில் முன்சீட்டுக்காரர் கண்ணாடியைச் சாத்தினார். பின்னால் ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். ஒவ்வொருவராக எல்லோரும் கண்ணாடியைச் சாத்தினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாமா ஜன்னலைத் திறந்தபடி வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"என்னாத்துக்கு மச்சான் அல்லாரும் சாத்துறாங்க? மழ வருதா?"

வெளியே கொளுத்துகிற வெயில்.

கண்டக்டரை விசில் கொடுக்கச் சொல்லி அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கினேன். ரோட்டைத் தாண்டிப்போய் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, கடலூர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.

"எனக்கு என்னா கேடு? ஏன்டா இப்புடி இழுத்துகிட்டுப் போற? வூட்டுக்குப் போவணும் நானு. ஒங்க அக்கா சோறு வெச்சிருப்பா."

"வாய மூடிகிட்டு வா மாமா" என்றேன். அதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.